டெரெக் வால்காட்டின் 'ஓமெரோஸ்': யார் வாங்கலாம், எப்படி வாசிக்கலாம்

செயிண்ட் லூசியா என்ற கரீபியத் தீவு நாட்டின் இலக்கியத்தை அறிய ஒரே ஒரு நூலை வாங்குவதென்றால் எதை வாங்குவது என்று கேட்டால், பெரும்பாலோர் டெரெக் வால்காட் 1990இல் வெளியிட்ட 'ஓமெரோஸ்' (ஹோமர் என்ற பெயரின் கிரேக்க வடிவம்) என்ற நெடுங்கவிதையையே சொல்வார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியத்தைக் கரீபிய மீனவர்களை வைத்துத் திரும்பச் சொல்லும் நூல் என்ற வழக்கமான அறிமுகத்தை நம்பி வாங்குகிறவர், எதிர்பார்த்தது வேறு, கையில் இருப்பது வேறு என்று பாதி வழியில் நூலை மூடிவைத்துவிட வாய்ப்பு உண்டு. ஹோமரிடம் கடன் வாங்கியதால் இந்த நூல் பெரிதாகிவிடவில்லை. அந்தக் கடனே ஒரு குற்றமோ என்று கவிஞர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு, தாம் மாட்டிவிட்ட பெயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கும் இடத்தில்தான் இது பெரிய நூலாகிறது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாங்குகிறவருக்குக் கொடுத்த பணத்துக்கு மேலாகவே கிடைக்கும்.

நூலுக்குள் போகும் முன் தீவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். செயிண்ட் லூசியாவின் பரப்பு சுமார் 616 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. பிரான்சும் பிரிட்டனும் இந்தத் தீவுக்காகப் போரிட்டு, அது பதினான்கு முறை கைமாறியதாகச் சொல்வார்கள். 1814இல் அது முடிவாகப் பிரிட்டனிடம் போய்ச் சேர்ந்தது. 1979 பிப்ரவரியில் விடுதலை பெற்றது. கிரேக்கக் காவியத்தில் ஹெலன் என்ற அழகிக்காக ட்ராய் போர் நடந்ததைப் போல இரு பேரரசுகள் அடித்துக்கொண்டதால் 'மேற்கிந்தியத் தீவுகளின் ஹெலன்' என்ற பட்டப்பெயர் தீவுக்கு ஏற்பட்டது. ஆட்சிமொழி ஆங்கிலம். ஆனால் வீட்டிலும் சந்தையிலும் கடற்கரையிலும் புழங்கிவந்த மொழி, பிரெஞ்சுச் சொற்களும் ஆப்பிரிக்க மொழிகளின் அமைப்பும் கலந்து உருவான க்வேயோல். ஆக, ஹெலன் என்ற பெயரும், இரு மொழிகளுக்கு இடையே வாழ்கிற நிலையும் வால்காட் பிறப்பதற்கு முன்பே அந்தத் தீவில் இருந்தவை. இதைத் தெரிந்துகொண்டால், ஒரு மீனவ ஊரில் கிரேக்கப் பெயர்கள் ஏன் வந்தன என்ற முதல் தயக்கம் பெரிதும் நீங்கிவிடும்.

வால்காட் 1930 ஜனவரி 23 அன்று தலைநகர் காஸ்ட்ரீஸில், ரோடரிக் என்ற சகோதரருடன் இரட்டையராகப் பிறந்தார். நீர்வண்ண ஓவியங்கள் தீட்டிய தந்தை வார்விக், பிள்ளைகளுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே இறந்துவிட்டார். தாய் அலிக்ஸ் மெத்தடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் சபையின் பள்ளி ஆசிரியை. தீவோ பெரும்பாலும் கத்தோலிக்கத் தீவு. பதினான்கு வயதில் உள்ளூர்ப் பத்திரிகையில் வால்காட் வெளியிட்ட கவிதையை ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் சமய நிந்தனை என்று கண்டித்ததும், அந்தக் கண்டனமும் கவிதையாகவே அச்சானதும் தீவின் இலக்கிய வரலாற்றில் சுவையான நிகழ்ச்சிகள். பதினெட்டு வயதில், தாய் தேடிக் கொடுத்த இருநூறு டாலரில் முதல் கவிதைத் தொகுப்பை அச்சிட்டு, தெருமுனையில் நண்பர்களிடம் விற்றே அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்தார். பதிப்பகமும் பெரிய வாசகர் கூட்டமும் இல்லாத சிறிய தீவில் இலக்கியம் தொடங்கிய விதம் அதுதான்.

அவரை உருவாக்கியவர் ஹரால்ட் சிம்மன்ஸ். ஓவியர், நாட்டார் வழக்காறுகளைத் தேடித் தொகுத்தவர், இளைஞர்களுக்குத் தம் வீட்டையும் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் திறந்துவிட்டவர். வால்காட்டும், பிற்காலத்தில் செயிண்ட் லூசியாவின் தேசியக் கொடியை வடிவமைத்த ஓவியர் டன்ஸ்டன் செயிண்ட் ஓமரும் அவரிடம் பயின்றவர்கள். தீவின் ஒவ்வோர் இலையையும் ஒவ்வொரு முகத்தையும் விட்டுவிடாமல் பதிவு செய்வோம் என்று அந்த இளைஞர்கள் எடுத்துக்கொண்ட உறுதியையும், 1966இல் சிம்மன்ஸ் தற்கொலை செய்துகொண்ட துயரத்தையும் வால்காட் 1973இல் வெளிவந்த 'அனதர் லைஃப்' என்ற தன்வரலாற்று நெடுங்கவிதையில் எழுதியிருக்கிறார். 'ஓமெரோஸ்' அந்த உறுதியின் நீட்சி. ஓவியனின் கண் அதன் பக்கம்தோறும் தெரிகிறது.

இனி நூலின் அமைப்பு. ஆங்கிலப் பதிப்பு முந்நூறு பக்கங்களைச் சற்றுத் தாண்டுகிறது. ஏழு பகுதிகள், அறுபத்து நான்கு அதிகாரங்கள்; ஒவ்வோர் அதிகாரத்துக்குள்ளும் மூன்று பிரிவுகள். கவிதை முழுவதும் மூன்று அடிகள் கொண்ட பத்திகளாக ஓடுகிறது. அடிகள் ஹோமரை நினைவூட்டும் நீண்ட அடிகள். மூன்றடிப் பத்தி இத்தாலியக் கவிஞர் தாந்தேயை நினைவூட்டுவது. இயைபுத் தொடை உண்டு, ஆனால் அது ஒரே ஒழுங்கில் அமைவதில்லை. சில பத்திகளில் பளிச்சென்று தெரியும், சிலவற்றில் தேடினால்தான் கிடைக்கும். முப்பத்து மூன்றாம் அதிகாரத்தின் கடைசிப் பிரிவில் மட்டும் கவிஞர் இந்த வடிவத்தை உதறிவிட்டு, மனைவி பிரிந்துபோன வீட்டின் வெறுமையைக் குறுகிய ஈரடிகளில் அடுக்குகிறார். வடிவம் ஏன் மாறியது என்று யாரும் விளக்கத் தேவையில்லாதபடி அந்தப் பக்கம் வாசகரைத் தாக்குகிறது.

இதனால் எழும் நடைமுறைச் சிக்கல் ஒன்றுண்டு. இந்த நீண்ட அடிகள் கைப்பேசியின் குறுகிய திரையில் உடைந்துவிடுகின்றன. ஓர் அடி இரண்டாகவும் சில நேரம் மூன்றாகவும் மடங்கி, மூன்றடிப் பத்தியின் உருவமே காணாமற்போகிறது. மின்னூல் விலை குறைவு என்பதற்காகக் கைப்பேசியில் வாசிக்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். அகன்ற கைக்கணினித் திரையில், எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். என் பரிந்துரை அச்சு நூல்தான். அடிக்குறிப்பு, சொற்பட்டியல், நிலவரைபடம் ஆகிய எதுவும் நூலில் இல்லாததைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. வரைபடம் இல்லாதது எனக்கும் குறைதான்: வடக்கே கதை நடக்கும் க்ரோஸ் இலே, அதன் அருகே பிரிட்டிஷ் கோட்டை இருந்த பிஜன் ஐலண்ட், நடுவே காஸ்ட்ரீஸ், தென்மேற்கே இரட்டைச் சிகரங்களும் கந்தக ஊற்றுகளும் கொண்ட சூஃப்ரியேர் ஆகிய நான்கு இடங்களையாவது ஒரு தாளில் குறித்துக்கொண்டு தொடங்குவது நல்லது. சொற்பட்டியல் இல்லாதது அவ்வளவு பெரிய குறையல்ல. க்வேயோல் வாக்கியம் வரும் இடங்களில் பெரும்பாலும் அடுத்த அடியிலேயே அதன் பொருளும் வந்துவிடுகிறது, அல்லது சண்டையின் சூட்டிலேயே விளங்கிவிடுகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். க்ரோஸ் இலேயில் ஆஷீல் (அக்கிலீஸ் என்பதன் பிரெஞ்சு வடிவம்), ஹெக்டர் என்ற இரு மீனவர்கள் ஹெலன் என்ற பெண்ணுக்காகப் பகைத்துக்கொள்கிறார்கள். ஹெலன் முன்பு வேலை செய்த வீட்டின் எஜமானி மோட், அந்தப் பெண் உடுத்தித் திரியும் மஞ்சள் உடை தன்னிடமிருந்து திருடியது என்கிறாள். ஹெலனோ அதை மோடே தனக்குக் கொடுத்ததாகச் சொல்கிறாள். ஹெக்டர் கடலை விட்டுவிட்டு, சிறுத்தைத் தோல் வடிவ உறையிட்ட இருக்கைகள் கொண்ட பயணிகள் வேன் ஓட்டப் போகிறான். அந்தச் சாலையிலேயே சாகிறான். துருப்பிடித்த நங்கூரம் கிழித்த கால் புண் ஆறாமல் ஃபிலோக்டெட் துன்பப்படுகிறான். மதுக்கடை நடத்தும் மா கில்மன், அங்கே உட்கார்ந்திருக்கும் பார்வையற்ற முதியவர் செவன் சீஸ், பன்றிப் பண்ணை வைத்திருக்கும் முன்னாள் பிரிட்டிஷ் படைவீரர் பிளங்கெட், அவருடைய ஐரிஷ் மனைவி மோட் ஆகியோர் மற்ற முக்கிய மாந்தர்கள். இவர்களுக்கு நடுவே கவிஞரும் ஒரு பாத்திரமாக நடமாடுகிறார். தம் பாத்திரங்களோடு ஒரே விமானத்தில் வந்து இறங்கியவரைப் போல அவர் நடந்துகொள்வது முதலில் விசித்திரமாகத் தோன்றும், பழகிவிடும்.

ஆஷீல் தன் படகில் கடவுளை நம்புகிறோம் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துப்பிழை நேர்கிறது. பாதிரியார் சிரிக்கிறார். அது கடவுளுடைய எழுத்துக்கூட்டு, தன்னுடைய எழுத்துக்கூட்டும்கூட, இருக்கட்டும் என்கிறான் ஆஷீல். இந்த நூலில் நகைச்சுவை உண்டு என்பதை மதிப்புரைகள் அதிகம் சொல்வதில்லை என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

நூலின் முதல் உச்சம் முதற்பகுதியின் இறுதியில் வருகிறது. காஸ்ட்ரீஸ் ஒரு காலத்தில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் துறைமுகம். பெண்கள் தலையில் நிலக்கரிக் கூடை சுமந்து, பலகைச் சரிவின் மீது வரிசையாக ஏறிக் கப்பலில் கொட்டிவிட்டுக் கூலி வாங்கிச் சென்றார்கள். இறந்துபோன தந்தை வார்விக்கின் ஆவி, இப்போது தம்மைவிட வயதில் மூத்துவிட்ட மகனை அந்தத் துறைமுகத்துக்கு அழைத்துவந்து, சிறுவயதில் தாம் பார்த்துக்கொண்டிருந்த அந்த வரிசையைக் காட்டுகிறது. அவர்களுடைய காலடிக்கும் உன் கவிதையின் அடிக்கும் ஒரே தாளம். அந்தப் பாதங்களுக்குக் குரல் கொடுப்பதே உன் வேலை என்கிறது. கவிதை எதற்கு என்ற கேள்விக்கு உலக இலக்கியத்தில் தரப்பட்ட பதில்களில் இத்தனை பாரமுள்ள பதில்கள் குறைவு. பிறரைப் பற்றிய கதையாகத் தொடங்கியது கவிஞரின் பொறுப்பைப் பற்றிய கதையாகவும் இங்கே மாறிவிடுகிறது. கடையில் நின்று சில பக்கங்களைப் புரட்டிவிட்டு முடிவெடுக்க விரும்புகிறவர் பதின்மூன்றாம் அதிகாரத்தைத்தான் புரட்ட வேண்டும்.

இரண்டாவது உச்சம் ஆஷீலின் ஆப்பிரிக்கப் பயணம். கடலில் வெயில் தாக்கி மயங்கும் அவனை ஒரு கடற்பறவை பின்னோக்கி இழுத்துச் செல்ல, அவன் தன் முன்னோர் வாழ்ந்த ஆற்றங்கரை ஊரை அடைகிறான். அங்கே தந்தை அஃபோலாபே அவனைச் சந்தித்து, உன் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்கிறார். அவனுக்குத் தெரியவில்லை. கொடுத்த ஓசையை அப்படியே ஏற்றுக்கொண்டோம் என்று மட்டும் சொல்ல முடிகிறது. பொருளில்லாத பெயரைத் தாங்குகிறவனுக்கு நிழலாவது இருக்குமா என்ற அச்சம் தந்தையின் முகத்தில் தெரிகிறது. பிறகு அடிமை வேட்டையாடுவோர் அந்த ஊரைச் சூறையாடுவதை, எதிர்காலம் தெரிந்தும் தடுக்க முடியாதவனாக ஆஷீல் பார்க்கிறான். மாவீரன் பெயரைச் சூட்டிவிட்டு, அந்தப் பெயர் அடிமை முறை மாட்டிவிட்ட வெற்றோசை என்று காட்டுகிறார் வால்காட். ஹோமரைத் திரும்பச் சொல்கிறவர் செய்யக்கூடிய வேலையா இது?

ஃபிலோக்டெட்டின் புண் குணமாகும் பகுதி ஆறாம் பகுதியில் இருக்கிறது. முன்னோர் கால்களில் பூட்டிய விலங்கிலிருந்தே இந்தப் புண் வந்தது என்று அவன் நம்புகிறான். ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகும் மா கில்மன், தன் பாட்டிமார் அறிந்திருந்து தான் மறந்துவிட்ட மூலிகையை, எறும்புகளின் தடத்தைப் பின்பற்றிக் காட்டுக்குள் தேடிக் கண்டுபிடிக்கிறாள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஒரு பறவை வயிற்றில் சுமந்துவந்த விதை அது, நாற்றமடிக்கும் செடி. அந்த மூலிகை நீரில் ஃபிலோக்டெட்டை அவள் உட்கார வைக்கும் பாத்திரம், பழைய சர்க்கரை ஆலையில் கரும்புச்சாறு காய்ச்சிய இரும்புக் கொப்பரை. அடிமை உழைப்பு கொதித்த அதே பாத்திரத்தில் புண் ஆறுகிறது. இதற்கு மேல் விளக்கம் எதையும் எழுதாமல் விட்ட கவிஞரின் அடக்கத்தை இங்கே பாராட்ட வேண்டும். வேறு பல இடங்களில் அவரிடம் அந்த அடக்கம் கிடையாது.

இனி நான் முதலில் குறிப்பிட்ட கழற்றல். பிளங்கெட், ஹெலன் மீது கொண்ட ஒரு குற்றவுணர்வு கலந்த மோகத்தால், அவளுக்கென்று ஒரு வரலாறு எழுத முனைகிறார். 1782 ஏப்ரல் 12 அன்று பிரிட்டிஷ் தளபதி ராட்னி பிரெஞ்சுக் கடற்படையை முறியடித்த செயிண்ட்ஸ் போரைப் பற்றிய ஏடுகளைப் புரட்டி, அந்தப் போரில் மாண்ட, தம் குலப்பெயரே கொண்ட இளைஞன் ஒருவனைக் கண்டுபிடித்து அவனை மகனாகவே வரித்துக்கொள்கிறார். தேடலில் மூழ்கியவர் பக்கத்தில் நோயுற்றிருக்கும் மனைவியைக் கவனிக்கத் தவறுகிறார். தீவின் பறவைகளையெல்லாம் மோட் தைத்துவந்த துணியே அவள் சவப்பெட்டியின் போர்வையாகிறது. வரலாற்றை வைத்துப் பிளங்கெட் செய்ததையே இலக்கியத்தை வைத்துத் தாமும் செய்ததாகக் கவிஞர் ஒப்புக்கொள்கிறார். கடற்கரையில் பிளாஸ்டிக் செருப்பைக் கையில் ஆட்டிக்கொண்டு தனியே நடக்கும் பெண்ணை, ஹோமரின் நிழல் இல்லாமல், சூரியன் பார்ப்பது போலப் பார்த்தால் என்ன என்று கேட்கிறார். ஐந்நூறு பக்கம் எழுதக்கூடிய கல்வித்துறை விமர்சனத்தை ஒரு கவிஞர் தம் நூலுக்குள்ளேயே தமக்கு எதிராக எழுதிவிட்டு, அதற்குப் பிறகும் நூலைத் தொடர்வது துணிச்சலான செயல்.

ஹோமரை முன்பே வாசித்திருக்க வேண்டுமா என்று தயங்குபவர்களுக்கும் பதில் நூலிலேயே இருக்கிறது. கடைசிப் பகுதியில் ஓமெரோஸின் பளிங்குச் சிலை கடலிலிருந்து எழுந்து, செவன் சீஸாகவும் சிலையாகவும் மாறி மாறித் தோன்றி, கவிஞரோடு பேசுகிறது. உங்கள் நூலை முழுதாகப் படித்ததில்லை என்று கவிஞர் அதனிடமே சொல்கிறார். அதற்குக் கிடைக்கும் பதில், தேவர்களை விட்டுவிட்டு மிச்சத்தைப் படி என்பது. ட்ராய் நகர்ப் போரும் ஹெலனும் அக்கிலீஸும் யார் என்று பள்ளிப் பாடத்தில் தெரிந்துகொண்ட அளவே போதும். பாம்புக்கடிப் புண்ணின் நாற்றத்தால் தோழர்களால் தீவில் கைவிடப்பட்ட வீரனின் கிரேக்கக் கதையை மட்டும் ஃபிலோக்டெட்டுக்காகத் தெரிந்துகொள்ளலாம். இலியட்டை வாசித்து முடித்த பிறகே இதைத் தொடங்குவேன் என்கிறவர், தொடங்கவே மாட்டார்.

இவ்வளவு சொன்ன பிறகு குறைகளையும் சொல்லியாக வேண்டும். நான்காம் பகுதியும் ஐந்தாம் பகுதியின் பெரும்பகுதியும் தீவை விட்டு வெளியேறுகின்றன. நான்காம் பகுதியில் அமெரிக்கச் சமவெளியில் டகோட்டா பழங்குடியினருக்காகப் பாடுபட்ட கேத்தரின் வெல்டன் என்ற வரலாற்றுப் பெண்மணி வருகிறார். ஐந்தாம் பகுதி லிஸ்பன், லண்டன், அயர்லாந்து என்று அலைகிறது. அழிக்கப்பட்ட மக்களையும் அழித்த பேரரசுகளின் தலைநகரங்களையும் தீவோடு இணைத்துப் பார்க்க வேண்டும் என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் ஆஷீலின் ஆப்பிரிக்கப் பயணத்தில் இருந்த உடல்வலி இங்கே இல்லை. தோல்வியுற்ற மணவாழ்வின் துயரத்தை ஓர் இனத்தின் அழிவுக்குப் பக்கத்தில் வைப்பது பல இடங்களில் அளவு மீறித் தெரிகிறது. முதல் வாசிப்பில் இவ்விரு பகுதிகளையும் வேகமாகக் கடந்து ஆறாம் பகுதிக்குப் போய்விடுவதில் தவறில்லை.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. ஹெலனை நிழலின்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்ட கவிஞர், அவளுக்குள் நுழைந்து பார்ப்பதே இல்லை. அவள் நடையையும் உடையையும் திமிரையும் ஆண்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வயிற்றில் வளரும் குழந்தையின் தந்தை ஆஷீலா ஹெக்டரா என்பது ஊருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. அவள் என்ன நினைத்தாள் என்பதற்குச் சில பக்கங்கள்கூடக் கிடைப்பதில்லை. மா கில்மனுக்குக் காட்டில் கிடைத்த அளவு இடம் ஹெலனுக்கு இந்த நூலில் எங்குமே கிடைக்கவில்லை. தன்விமர்சனம் செய்துகொள்வதாலேயே குறை நீங்கிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நூல் வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், 1992இல், வால்காட்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதே தீவைச் சேர்ந்த, 1979இல் பொருளாதாரத்துக்கு நோபல் பெற்ற ஆர்தர் லூயிஸும் ஜனவரி 23 அன்றே பிறந்தவர் என்பதால் அந்த நாளைத் தீவு கொண்டாடுகிறது. காஸ்ட்ரீஸின் கொலம்பஸ் சதுக்கம் வால்காட் பெயருக்கு மாறியது. 2014இல் லண்டனில் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கத்தினர் 'ஓமெரோஸை' இரண்டே நடிகர்களை வைத்து மேடையேற்றினார்கள். அவர்களில் ஒருவரான ஜோசப் மார்செல் செயிண்ட் லூசியாவில் பிறந்தவர். வாய்விட்டு வாசிப்பதற்கே எழுதப்பட்ட அடிகள் இவை. வீட்டில் நாமும் உரக்க வாசித்துப் பார்க்கலாம். 2017 மார்ச்சில் வால்காட் மறைந்தார்.

இந்தப் புகழின் விளைவாக, தீவின் இலக்கியம் என்றால் வால்காட் மட்டுமே என்ற எண்ணம் வெளிவாசகரிடம் நிலைத்துவிட்டது. நோபல் கிடைத்த சிறு மொழிகள், சிறு நாடுகள் பலவற்றுக்கும் நேர்வது இதுதான் என்றாலும், செயிண்ட் லூசியாவைப் பொறுத்தவரை இது பெரிய அநியாயம். 1950இல் வால்காட் நண்பர்களோடு தொடங்கிய கலைக் கழகத்தை, அவர் தீவை விட்டுப் போன பின் கட்டிக்காத்தவர் சகோதரர் ரோடரிக். லா ரோஸ், லா மார்கெரித் என்ற இரு பூ விழாச் சங்கங்களின் போட்டியையும் பாட்டையும் 'தி பான்ஜோ மேன்' நாடகத்தில் மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். தம்மை விடப் புகழ்பெற்ற இரட்டையரோடு ஒப்பிடப்பட்டே வாழ்ந்த அவருடைய நாடகங்கள் இன்று புத்தகக் கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை. அந்த நாடக மரபின் சுவையை டெரெக்கிடமே பெற விரும்புகிறவர், சாத்தானை ஏமாற்றும் மூன்று சகோதரர்களின் நாட்டார் கதையை வைத்து அவர் எழுதிய 'டி-ஜான் அண்ட் ஹிஸ் பிரதர்ஸ்' நாடகத்தை வாசிக்கலாம். 'ஓமெரோஸ்' கடினம் என்று நினைக்கும் கல்லூரி மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்க விரும்புவது அதையே.

உரைநடையில் தவறவிடக் கூடாதவர் கார்த் செயிண்ட் ஓமர். 1968 முதல் 1972 வரை வெளிவந்த நான்கு சிறிய நூல்களில் அவர் காட்டும் தீவில் கடலின் ஒளியும் கிடையாது, காவியப் பெயர்களும் கிடையாது. 1969இல் வெளிவந்த 'நார் எனி கன்ட்ரி' நாவலில், வெளிநாட்டில் படித்துவிட்டுப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பும் பீட்டர், தான் விட்டுச்சென்ற மனைவியைச் சந்திக்கிறான். படிப்பு ஒருவனை எத்தனை கோழையாகவும் ஆக்க முடியும் என்பதை அவ்வளவு குறைந்த சொற்களில் எழுதிய கரீபிய நாவலாசிரியர்கள் அரிது. நீண்ட காலம் அச்சில் இல்லாத இவருடைய நூல்களை இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த பீபல் ட்ரீ பதிப்பகம் மீண்டும் கொண்டுவரத் தொடங்கியது பெரிய உதவி.

அதே பதிப்பகத்தின் வழியாகவே அடுத்த தலைமுறைக் கவிஞர்களில் பலரையும் பெறலாம். கெண்டல் ஹிப்போலைட்டின் 'ஃபால்ட் லைன்ஸ்' 2013இல் கரீபிய இலக்கியத்துக்கான போக்காஸ் பரிசின் கவிதைப் பிரிவில் வென்றது. கடற்கரைகளை ஓட்டல்களுக்கு விற்றுவிடும் அரசியலைப் பற்றிய கோபம் அவரிடம் வால்காட்டைவிட நேரடியாக ஒலிக்கிறது. அவருடைய மனைவி ஜேன் கிங்கும் கவிஞர். இருவரும் சேர்ந்து 1984இல் லைட்ஹவுஸ் நாடகக் குழுவைத் தொடங்கியவர்கள். ஜான் ராபர்ட் லீயின் சமயப் பற்றுள்ள கவிதைகள் என் சுவைக்குச் சற்று நிதானமானவை. 1988இல் பிறந்த விளாடிமிர் லூசியன் தம் முதல் தொகுப்பான 'சௌண்டிங் கிரவுண்ட்' நூலுக்கு 2015இல் போக்காஸின் முதன்மைப் பரிசையே பெற்றார். பாட்டனார், அண்டை வீட்டார் என்று குடும்ப வரலாற்றைக் க்வேயோலின் மூச்சோடு ஆங்கிலத்தில் எழுதும் அவரை, வால்காட்டுக்குப் பிறகு வாசிப்பதைவிட முன்னால் வாசிப்பதே நல்லது என்று எனக்குப் படுகிறது. கனடாவில் வாழும் கனீசியா லூப்ரினின் 2020ஆம் ஆண்டுக் கவிதை நூல் கனடாவின் கிரிஃபின் கவிதைப் பரிசு பெற்றது. அது கடினமான நூல், எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எனவே முடிவாக வாங்குகிற வழி இதுதான். கவிதையில் பழக்கமும், ஆங்கிலத்தில் நீண்ட வாக்கியத்தைப் பொறுமையோடு பின்தொடரும் பயிற்சியும் உள்ளவர்கள் 'ஓமெரோஸை' அச்சு நூலாகவே வாங்கலாம். ஒரே மூச்சில் வாசிக்காமல் நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் பலரும் பகிரும் 'லவ் ஆஃப்டர் லவ்' என்ற சிறு கவிதையை விரும்பி அதே போன்றவற்றைத் தேடுகிறவர்களுக்கு இந்த நூல் உதவாது. அவர்கள் தேர்ந்தெடுத்த கவிதைகளின் தொகுப்பை வாங்குவதே மேல். கதைதான் வேண்டும், கவிதை ஒத்துவராது என்பவர்கள் தயங்காமல் கார்த் செயிண்ட் ஓமரிடம் போகலாம். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடியாதவர்களுக்கு: வால்காட் எந்த நல்ல பல்கலைக்கழக நூலகத்திலும் கிடைக்கக்கூடியவர், செயிண்ட் ஓமர் அப்படி அல்ல, ஆகவே 'ஓமெரோஸை' நூலகத்தில் இரவல் எடுங்கள், 'நார் எனி கன்ட்ரி'யை வாங்குங்கள்.